சந்திரமதிக்கு ஒரு லென்ஸ்

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணாதுரை, தொழிலுக்கு வந்த இருபத்து மூன்று வருடங்களில் எட்டு கேமரா வாங்கியிருக்கிறார். எட்டையும் வாங்க அவருக்கு மொத்தமாக அரை நாள் ஆகியிருந்தால் அதிகம். கடைக்குப் போவார், கையில் எடுத்துக் கனம் பார்ப்பார், பிடித்திருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்வார். ஒன்பதாவது கேமராவுக்கு மட்டும் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பதினெட்டு நாளுக்காகத் தன்னை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

அது கல்யாணத்துக்கு வாங்கிய கேமரா அல்ல, மனைவி சந்திரமதிக்காக வாங்கியது.

சந்திரமதி சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு அடுக்குமாடி புளோக் தள்ளி உள்ள பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இருபது வாண்டுகளை மைக் இல்லாமல் அடக்கும் குரல். மகள் ரக்ஷனா சின்னவளாக இருந்தபோது, ஒன்பதாவது மாடியில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், கீழே ஊஞ்சலில் இருப்பவள் இறங்கிவிடுவாள். பக்கத்தில் விளையாடும் சீனப் பிள்ளைகளும் சேர்ந்து இறங்கிவிடும். அந்தக் குரல் போன வருடக் கடைசியில் கம்மத் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு வருவதுதானே என்று மஞ்சள் பாலும் தேனுமாக நான்கு மாதம் ஓட்டினார்கள். ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவர் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். தொண்டையில் கட்டி. குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாகத்தான் இனி மூச்சு. பிற்பாடு கருவி வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் இந்தக் குரல் திரும்பாது. ஆப்பரேஷனுக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது.

திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னங்க, ஒன்னு கேட்டா செய்வீங்களா? ரக்ஷனா கல்யாணத்துல மைக் புடிச்சு நான் பேசணும்னு ரொம்ப நாளா நெனச்சு வச்சிருந்தேன். அத இப்பவே பேசிடறேன். எடுத்து வச்சிடுங்க."

"அவளுக்கு இருபத்தொரு வயசுதான் ஆகுது மதி."

"எனக்கு இருபத்து நாலு நாள்தான இருக்கு. இன்னைக்கே கூட எடுத்துடலாம். போன்லயே போதும்."

"போன்லயா?" அண்ணாதுரைக்குச் சுருக்கென்றது. "ஊர்ல இருக்கற கல்யாணப் பொண்ண எல்லாம் ராணி மாதிரி எடுத்துக் குடுத்துட்டு, உன்ன போன்ல எடுக்கறதா?"

அந்த ரோஷத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எழுநூறு கல்யாணம் எடுத்தவர் வீட்டில் சந்திரமதி பேசும் வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. சனி, ஞாயிறு, விசேஷ நாள் எல்லாம் அவர் வேறு வீட்டு மண்டபத்தில் இருப்பார். ஆரம்ப காலத்தில் அவளும் கூட வந்து விளக்குப் பிடித்தாள். விளக்குப் பிடிக்கிறவள் எப்படிப் படத்தில் வருவாள்? அவர்களுடைய சொந்தக் கல்யாண வீடியோவில்கூட முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டுதான் ஓடும். அவள் வாய் அசையும், பாடகி பாடுவாள். இந்த ஒரு தடவையாவது உலகத்தில் இருப்பதிலேயே நல்லதை வைத்து எடுக்கிறேன் என்று அண்ணாதுரை மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டார். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஆள் சரியில்லை.

ஏன் ஆள் சரியில்லை என்பதற்கு அவர் தொழிலின் இன்னொரு பக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோவில் யாரும் பேசுவதில்லை. அழுகிற குழந்தை, சாப்பாடு எங்கே என்று கேட்கும் பெரியப்பா, இவற்றை எல்லாம் வழித்து எறிந்துவிட்டு மேலே பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை அவசரத்தில் ஓர் இடத்தை வழிக்க மறந்துவிட்டார். மாப்பிள்ளையின் தலைமுடி சொந்த முடிதானா என்று பெண்ணின் அத்தைகள் இருவர் ஆராய்ச்சி செய்தது அப்படியே வீடியோவில் போய்விட்டது. இரண்டு குடும்பமும் சிராங்கூன் ரோட்டில் இருந்த அவர் ஸ்டூடியோவுக்கே வந்து கட்டிப்புரண்டார்கள். அவர் மானம் கப்பலேறியது. அன்றிலிருந்து எந்தக் கேமரா வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒலிப்பதிவை அணைத்துவிடுவார். இல்லாத சத்தம் யார் வீட்டிலும் சண்டை மூட்டாது அல்லவா?

சனிக்கிழமை காலை அண்ணாதுரை சிட்டி ஹால் பக்கத்தில் உள்ள கேமராக் கடைக்குப் போனார். அங்கே விற்பனையில் இருக்கும் அர்ஃபான் அவருக்குப் பல வருடப் பழக்கம்.

"அர்ஃபான், வெளக்கே போடாம எடுக்கணும். மதிக்கு வெளக்கு மூஞ்சில பட்டா கண்ணு கூசும், பேச்சு வராது. எங்க வீட்டு ஹால்ல சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் ஒரு மணி நேரம் இருக்கும், அவ்வளவுதான்."

"அப்ப பழைய பாடி தாங்காதுண்ணே. நல்ல லோ லைட் பாடி ஒன்னு, ஃபாஸ்ட் லென்ஸ் ஒன்னு." அர்ஃபான் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். "இந்த ஃபிஃப்டி எம்எம், ஒன் பாயிண்ட் எயிட். சின்னதா இருக்குன்னு பாக்காதீங்க. கல்யாணமே எடுக்கலாம்லா."

பாடி என்பது லென்ஸ் மாட்டாத வெறும் கேமரா. ஃபாஸ்ட் லென்ஸ் என்பது வாய் அகலமாகத் திறக்கும் லென்ஸ். ஒன் பாயிண்ட் எயிட் என்கிற அந்த எண் குறையக் குறைய வாய் அகலம்; அகலம் கூடக் கூட, கொஞ்ச வெளிச்சத்திலும் படம் பளிச்சென்று விழும், பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். அர்ஃபான் நீட்டிய லென்ஸ் வேலைக்குப் போதும் என்று அண்ணாதுரைக்கே தெரியும். வேறு யாருக்காவது என்றால் அதையே எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். மதிக்குப் 'போதும்' போதாது என்று நினைத்தார்.

நாசமாய்ப் போக அந்த நினைப்பு.

அர்ஃபான் நல்லவன். அண்ணனுக்காகக் கடையில் பார்வைக்கு வைத்திருந்த கேமராக்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க விட்டான். முதலில் வந்த பாடி பகலில் தங்கமாக எடுத்தது. சாயங்காலமானால் சந்திரமதியின் கன்னத்தில் ரவை கொட்டினாற்போலப் புள்ளி புள்ளியாக வந்தது. இரண்டாவது பாடி இருட்டிலும் படத்தைச் சுத்தமாகத் தந்தது, ஆனால் இருபது நிமிடத்தில் சூடேறித் தானாகவே அணைந்தது. எண்பத்தைந்து எம்எம் லென்ஸ் கொண்டுவந்தார். அவளை முழுதாகக் கட்டத்துக்குள் கொண்டுவரப் பின்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் சமையலறைத் தொட்டியில் முதுகு முட்டியது. முப்பத்தைந்தில் மூக்கு பெரிதாகத் தெரிந்தது.

"என் மூக்கு இவ்ளோ பெருசா? இருபத்தாறு வருஷமா சொல்லவே இல்லையே," என்றாள் சந்திரமதி. அப்போது அவளுக்குச் சிரிக்கக் கொஞ்சம் குரல் இருந்தது.

ஒவ்வொரு சோதனைக்கும் அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்காருவாள். கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "இப்ப பேசட்டுமா?"

"இன்னும் இல்ல. இது டெஸ்ட்தான். தொண்டைக்கு ரெஸ்ட் குடு, சும்மா உக்காரு."

எடுத்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு அவளுடைய கண் இமையை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பார். கூர்மை இருக்கிறதா, ஓரத்தில் நிறம் பிசிறுகிறதா. திருப்தி இல்லை என்றால் மெமரி கார்டை அழித்துவிட்டு மறுநாள் மறுபடி சிட்டி ஹால். பாத்திரம் கழுவும்போதுகூட யூடியூபில் எவனாவது லென்ஸ் ஆராய்ச்சி செய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் வந்த ஒரு கல்யாணத்தைச் செங்காங்கில் இருக்கும் நண்பனிடம் தள்ளிவிட்டார். ஒன் பாயிண்ட் டூ லென்ஸ் கைக்கு வந்தபோது சந்தோஷப்பட்டார். ஆனால் படத்தில் கண் கூர்மையாக இருந்தால் காது கலங்கியது, அவள் நான்கு விரல்கடை முன்னால் சாய்ந்தாலே முகம் கலங்கியது. ஆகவே கண்ணைத் தானாகத் தொடர்ந்து பிடிக்கும் பாடி வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அர்ஃபானுக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, நான் விக்கறவன், நானே சொல்றேன். எது எடுத்தாலும் அக்கா அக்கா மாதிரித்தான் இருப்பாங்க. சீக்கிரம் எடுங்கண்ணே."

அவன் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் தேடுவதை நிறுத்தினால் உட்கார்ந்து யோசிக்க வேண்டிவரும், யோசித்தால் மருத்துவர் சொன்னது மறுபடி காதில் கேட்கும். அந்தப் பயத்தில்தான் மனுஷர் லென்ஸ் லென்ஸாக ஓடிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் சந்திரமதியின் குரல் தேய்ந்தது. முதல் வாரம் கரகரத்தது. இரண்டாவது வாரம் ஒரு வாக்கியத்துக்கு நடுவில் அறுந்து அறுந்து வந்தது. பதினேழாம் நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு இழுத்தது. மருத்துவமனைக்கு ஓடினார்கள்; ஆப்பரேஷனைத் திங்கட்கிழமையிலிருந்து முந்தின வியாழனுக்கு மாற்றிவிட்டார்கள்.

அண்ணாதுரை செவ்வாய்க்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றார். கண்ணைப் பிடிக்கும் பாடி, ஃபிஃப்டி எம்எம் ஒன் பாயிண்ட் டூ, இரண்டையும் வாங்கினார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், வழக்கமாகப் புதுக் கேமராவுக்குச் செய்யும் வேலைகளை எல்லாம் கை தன்பாட்டுக்குச் செய்து முடித்தது.

புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு எடுத்தார்கள். சந்திரமதி பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள். ரக்ஷனா பல்கலைக்கழகத்திலிருந்து வருவதற்குள் முடிக்க வேண்டும், கல்யாணத்தன்று வரை அவள் இதைக் கேட்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஜன்னல் வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் இதமாக விழுந்தது. பின்னால் இருந்த சுவர், நாட்காட்டி, காயப்போட்ட துண்டு எல்லாம் கரைந்துபோயின.

"இப்ப பேசட்டுமா?"

"பேசு மதி."

பதினான்கு நிமிடம் பேசினாள். நான்கு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள், ஒரு தடவை அழுதாள், இரண்டு தடவை சிரித்தாள். அண்ணாதுரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். திரையில் அவள் கண்மேல் ஒரு பச்சைக் கட்டம் உட்கார்ந்திருந்தது. அது விலகினால் படம் போச்சு. அவள் சாயும்போது கட்டம் கூடவே சாய்கிறதா, கண்ணைத் துடைக்கும்போது நழுவாமல் இருக்கிறதா என்பதே குறியாக இருந்தார். நடுவில் மஞ்சள் குடை என்று ஏதோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள் முடித்துவிட்டு.

"இமை முடிய ஒன்னொன்னா எண்ணலாம் மதி!"

அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். அன்று அதற்குமேல் பேசவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு மருத்துவமனையில் அவளைத் தள்ளுகட்டிலில் உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணாதுரையும் ரக்ஷனாவும் வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கேமராவை அவர் வீட்டில் விட்டுவர மனமில்லாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இருப்பது ஒரே பிரதி, அதை ரக்ஷனாவின் மடிக்கணினியில் ஏற்றிவிட்டால் நிம்மதி. அவள் ஏற்றினாள். பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தது அவளுக்கும் தெரியும். ஆனால் அம்மா உள்ளே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. காதில் இயர்போனை மாட்டி, கொஞ்சம் மட்டும் என்று ஓடவிட்டாள்.

"பா, சவுண்ட் வரல."

"இயர்போன சரியா குத்தும்மா."

"சரியாத்தான் இருக்கு." ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள், அது கேட்டது. மறுபடி இதைப் போட்டாள். "இதுல ஆடியோ டிராக்கே இல்லப்பா."

அண்ணாதுரை கேமராவை ஆன் செய்து மெனுவுக்குள் போனார். ஒலிப்பதிவு: ஆஃப். அவரேதான். செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பத்து வருடப் பழக்கத்தில் அவர் கைதான் அணைத்திருந்தது.

ஒரு கணம் அவருக்கு எதுவுமே புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாகப் புரிந்தது. கடையிலிருந்து சோதிக்கக் கொண்டுவந்த கேமராக்களில் அவர் எதையும் மாற்றவில்லை. அவற்றில் ஒலி இருந்தது. ஒவ்வொன்றிலும் அவள் "இப்ப பேசட்டுமா" என்று கேட்டிருந்தாள். ஒவ்வொன்றையும் அவர் அழித்திருந்தார்.

"அம்மா என்னப்பா சொன்னாங்க?" ரக்ஷனா அவர் சட்டையைப் பிடித்தாள். "நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? சொல்லுங்க. என்ன சொன்னாங்க?"

அண்ணாதுரை போனை எடுத்துக்கொண்டு ஓடினார். ரக்ஷனாவும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். கதவருகே ஒரு மலாய்த் தாதி வழிமறித்தார்.

"அங்கிள், கெனாட் லா. ஸ்டெரைல் ஏரியா."

அவர் ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் அழுதார். ஒரு நிமிஷம், என் மனைவி பேச்சு, நாளைக்கு இருக்காது. தாதிக்கு எவ்வளவு புரிந்ததோ, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், முன்னால் போனவருடைய ஆப்பரேஷன் இன்னும் முடியவில்லை என்றார். ஒருவர் மட்டும், ஒரே நிமிடம் என்று ஒரு நீலக் கவுனை மாட்டிவிட்டு உள்ளே விட்டார்.

சந்திரமதி தள்ளுகட்டிலில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையில் காகிதத் தொப்பி. அவரைப் பார்த்ததும் பதறிப்போனாள்.

"என்னங்க? இங்க எதுக்கு வந்தீங்க?"

"பேசு மதி. எதாச்சும் பேசு." போனை நீட்டினார்.

"நேத்துதான் பேசியாச்சே." குரல் காற்றும் கரகரப்புமாக வந்தது. அவர் தோளைப் பார்த்தாள். "கேமரா எங்க?"

"நாற்காலில இருக்கு."

"ரக்ஷனா?"

"வாசல்ல நிக்கிறா."

"ஐயோ, அப்ப அத யாரு பாத்துக்கறது? எவனாவது தூக்கிட்டுப் போயிடப் போறான். அதுலதான எல்லாம் இருக்கு. ஓடுங்க, போய் எடுங்க. நிக்காதீங்க, போங்கன்னா போங்க!"

அதில் ஒன்றும் இல்லை மதி என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். மயக்க மருந்துக்குப் போகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது? தாதி தோளைத் தொட்டு நேரமாகிவிட்டது என்றார்.

கேமரா நாற்காலியிலேயே இருந்தது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அண்ணாதுரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். இருபத்திரண்டு வினாடி. படத்தில் கட்டிலின் கம்பியும் அவருடைய கட்டைவிரலும்தான் தெரிந்தன. குரல் மட்டும் இருந்தது.

ஆப்பரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது, நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் சந்திரமதியிடம் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள். அவள் முதலில் எழுதியது 'கேமரா?' என்ற ஒரே சொல். அவர் தூக்கிக் காட்டினார். அவள் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள், காற்று கழுத்து வழியாக வந்தது. அன்று முழுக்க அவர் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலை, 'ரக்ஷனாகிட்ட காட்டிடலயே?' என்று அவள் எழுதியபோது இதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். ஒலிப்பதிவு, பழக்கம், அத்தைகள், எல்லாம். சொல்லும்போதே இது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவருக்கு உறைத்தது.

சந்திரமதி பலகையைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா எழுதிக் குடுப்பாங்கப்பா, விடுங்க," என்று ரக்ஷனா தேற்றிப் பார்த்தாள். எழுதலாம்தான். எழுத்து ஒன்பது மாடிக்குக் கீழே கேட்குமா?

அதற்கடுத்த நாள் அவளாகவே கையை நீட்டிப் போனைக் கேட்டாள். அந்த இருபத்திரண்டு வினாடியைக் காதோரம் வைத்து இரண்டு தடவை கேட்டாள். பிறகு பலகையை எடுத்து எழுதினாள்: 'இதக் கல்யாணத்துல போட்டு மானத்த வாங்காதீங்க.' தோள் குலுங்கியது. சத்தமே வராமல் சிரித்தாள். அண்ணாதுரையும் சிரித்தார், ஐந்து நாளுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்.

அவள் பலகையைத் துடைத்தாள். நிதானமாக இன்னொரு வரி எழுதி அவர் பக்கம் திருப்பினாள்.

'நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?'

"இருக்கு மதி. எல்லாம் இருக்கு," என்றார் அவர் அவசரமாக.

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பலகையைச் சுத்தமாகத் துடைத்து, பேனாவோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தாள்.

அண்ணாதுரை பலகையை மடியில் வைத்துக்கொண்டார். பேனாவின் மூடியைத் திறந்து, மஞ்சள் குடை என்று எழுதினார். அதற்குமேல் அவர் கை நகரவில்லை.